ஆறு வாட்டுக்குள்

முதலில் விசிறியை அடித்தேன்.
காசிமேட்டுக் காற்றில் சுழலும் எதுவும்
ஆறே மாதத்தில் உப்பை மென்று நின்றுவிடும்.
மூடிய அலுமினியப் பெட்டி,
முதுகில் மீன் செவுள் மாதிரி வரிவரியாய்த் தகடு.
சூட்டை அதுவே வெளியே தள்ளிக்கொள்ளட்டும்.

பிறகு திரையை.
ஐஸ் பிளாண்டில் நள்ளிரவு யார் உட்கார்ந்து பார்ப்பது?
மூன்று விளக்கு போதும்.
நான்கு யுஎஸ்பியில் மூன்று வேண்டாம்.
போன முறை ஒன்றில் யாரோ போனைச் சொருகி
ராத்திரி முழுக்கப் படம் பார்த்திருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை மாடியறை.
டேங்கர் லாரி திரும்பும்போதெல்லாம்
ஆறிப்போன டீயில் வட்டம் விழுகிறது.
ஆறு வாட்டைத் தாண்டினால்
கரண்ட் போன இரவை பேட்டரி விடியும்வரை இழுக்காது.
அதனால் ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்துக் கேட்கிறேன்,
நீ எவ்வளவு தின்பாய்?

வைஃபை, ஒன்றரை வாட்.
தகரச் சுவருக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே
நீ யாரிடம் பேசப்போகிறாய், போ.
ஆர்எஸ்-485, வா, இரண்டாய் வா.
முறுக்கிய கம்பியில் கம்ப்ரஸர் எவ்வளவு கத்தினாலும்
சொன்னதைச் சொன்னபடி கொண்டுவந்து சேர்ப்பாய்.
மெமரி கார்டு கூடாது, அதிர்வில் கழன்றுவிடும்;
நினைவைப் பலகையோடு பற்றவைத்துவிடு.
ஒன்பது வோல்ட்டோ முப்பத்தாறோ
எது வந்தாலும் விழுங்குகிற வாய் வேண்டும்.
உறைந்துபோனால் மண்டையில் தட்டி எழுப்ப
ஒரு வாட்ச்டாக். அது தின்பது கணக்கிலேயே வராது.

கடைசி வரி:
கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் பேட்டரி, எண்பது ரூபாய்.
பர்ச்சேஸ் சுந்தரவதனம் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்,
"நேரந்தான் நெட்லயே வருதே மேடம்?"

வரும்.
மழையில் டவர் படுத்துக்கொண்ட அன்று வரவில்லை.
அன்றுதான் அம்மோனியா வால்வு கசிந்தது.
போன கரண்ட் திரும்பியதும் பழைய பெட்டி கண் விழித்து
சென்சாரைப் பார்த்து ஒழுங்காக அலறி
ஒழுங்காகக் குறித்தும் வைத்தது:
1970 ஜனவரி 1, காலை 5.31.

கடிகாரமில்லாத பெட்டி எதுவும்
அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.
ஐந்தரை மணி மட்டும் நம் ஊர்க் கணக்கு.

இரண்டு ஐம்பதுக்கு சத்தம் கேட்டது,
மூன்றுக்குள் வால்வை மூடிவிட்டேன் என்றார் எட்டியப்பன்.
விசாரணை மேசையில் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்கள்.
உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அப்ப நான் பொறக்கவே இல்ல சார்."
யாரோ சிரித்தார்கள்.
பதினோரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

அந்தப் பெட்டிக்கும் பட்டியல் போட்டவள் நான்தான்.
இதே வரி அதிலும் இருந்தது.
அடித்தது சுந்தரவதனம் அல்ல.

இன்று மீண்டும் எழுதினேன், கொட்டை எழுத்தில்.
காசு எங்கே என்று கேட்பார்களே,
மூடியில் கம்பெனிப் பெயர் பொறிக்க
எண்பத்தைந்து என்றிருந்தது;
அதை அடித்தேன்.
ஐந்து ரூபாய் மிச்சம்.

பொருத்தப் போன மாலையில்
வலை ஏற்றிய மீன்பாடி வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.
எட்டியப்பன் ஈரக் கையுறையோடு
பெட்டியின் பொத்தானைத் தேடித் தேடித் தடவினார்.
"இன்னா மேடம், கொசு மாதிரி கீது."
பட்டியலில் அது இல்லவே இல்லை.
கையுறையை எவளும் நினைக்கவில்லை,
எவளும் என்றால் நான்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்,
தனிக் கம்பியில், அடுத்த வாரம் என்றேன்.

மெயினை அணைத்து, நெட்டைப் பிடுங்கி,
பேட்டரியையும் கழற்றிவிட்டு
இருவரும் கால்மணி நேரம் நின்றோம்.
பதினோரு நாளைப் பற்றி அவர் பேசவில்லை.
எனக்கும் வாய் வரவில்லை.
திரும்பப் பூட்டினேன்.
லேப்டாப்பில் ஒரு வரி விழுந்தது,
இந்த வருடம், இந்த மாதம், இன்று.

அவர் தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
"ரெண்டு செகண்டு லேட்டா கீது மேடம்."