ஐந்து வீதம்

கரடிப்போக்குச் சந்தியில் ஒரு பல் வைத்தியசாலை.
காத்திருக்கும் வாங்குக்கு எதிரே
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
உள்ளே கடல்.

உப்பளம் கூப்பிடு தூரம்தான், ஆனையிறவில்.
ஆனாலும் இந்தக் கடலுக்கு உப்பு
கொழும்பு பஸ்ஸில் வருகிறது, வாளியில் அடைத்து.
தண்ணீர் வடிகட்டி நிலையத்தில் வாங்கியது.
எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குக்
கேத்தில்கூட வெள்ளை பூக்கிறதே.

நான் லைற் பூட்ட வந்தவன்.
கூலி பேசவில்லை.
எனக்குக் கடைவாயில் ஒரு ஓட்டை,
டொக்டர் தர்மினிக்கு ஒரு விளக்கு.
பண்டமாற்று.

நீலம் கூட வேணும், வெள்ளை கொஞ்சம் காணும் என்றார்.
நானூற்றைம்பது நானோமீற்றர்.
ஆழத்துக்குள் இறங்க இறங்க
சிவப்புத்தான் முதலில் களைத்துத் திரும்புமாம்,
நீலம் கடைசிவரை போகுமாம்.
கிளை விடுகிறவை மேல்தட்டில்,
சதைப்பிடிப்பானவை மணலோரம்,
நிழல் கேட்கிற ஒன்றுக்குக் கல்லின் கீழே ஓரிடம்.
"முப்பது வீதத்திலை தொடங்குங்கோ. கிழமைக்கு ஐந்து.
அதுக்கு மேலை ஏத்தாதேங்கோ."

பண்ணையில் வெட்டி வந்த பவளத் துண்டுகள்,
பெருவிரல் அளவு, எல்லாம் கபிலம்.
மூன்றாம் கிழமையும் கபிலம்தான்.

நான் எண்பது வைத்தேன்.
சொல்லாமல். வெள்ளிக்கிழமை பின்னேரம்.
ஒரு நிறமாவது பார்த்துவிடுகிற அந்தரத்தில்.

திங்கள் காலை
வாங்கில் இருந்த வட்டக்கச்சிக்காரர்
கன்னத்தைப் பொத்தியபடி சொன்னார்:
"நல்லா வெளுத்திருக்கு. என்ரை பல்லும் இப்பிடி வந்தால் காணும்."

சரியாகத்தான் சொன்னார்.
கிளை நுனியெல்லாம் எலும்பு.
உள்ளே குடியிருந்து அதற்குச் சமைத்துப் போட்ட
கண்காணாச் சீவன்கள் போய்விட்டிருந்தன.
பவளமே போகச் சொல்லியிருக்கும்.
வெளிச்சம் மீறினால்
அடுப்பே வீட்டை எரித்துவிடுமாம்.

டொக்டர் கோபிக்கவில்லை.
அது இன்னும் பாரமாக இருந்தது.
குமிழைத் திருப்பினார்: இருபது.
தொட்டிமேல் நுளம்பு வலைத் துண்டொன்றை விரித்தார்.
பிறகு என்னைக் கதிரையில் சாய்த்தார்.

ஓட்டைக்குள் பசையை அடைத்து
பேனை போல ஒன்றை நீட்டினார், நுனியில் அதே நீலம்.
இருபது விநாடி. பிப்.
பசை கல்லாகிவிட்டது.
"இதுக்கும் கிட்டத்தட்ட அதே வெளிச்சம்தான்," என்றார்,
"இதுக்கு அவசரப்படலாம்."

வாயைத் திறந்தபடி கிடக்கிறவனிடம்
இப்படியெல்லாம் சொல்லக் கூடாது.

அதன்பிறகு கிழமைக்கு ஐந்து.
மோட்டார்சைக்கிளை நிறுத்தி,
ஐந்து கூட்டி,
போய்விடுவேன்.
இரணைமடுவில் வான்கதவு திறந்தார்கள், மூடினார்கள்.
இரண்டு துண்டுகள் செத்துப் பாசி பிடித்தன.
அவற்றை எடுத்து எறிய
டொக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை பிறந்த கிழமை
மிச்சமிருந்ததில் ஒன்று அடியில் பச்சை கட்டியது.
நுனியில் ஒரு ஊதா.
ஊதாதானா என்று கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன்.
"நிறமெண்டு நாங்கள் பாக்கிறம்," என்றார் டொக்டர்,
"அது வெயிலுக்குக் குடை பிடிக்குது."

இப்போது அறுபதில் நிற்கிறது.
என் பல்லும் நிற்கிறது.

இரவு எட்டுக்கு வெளிச்சம் தானாகவே இறங்கும்,
ஒரு மணித்தியாலம் எடுத்து.
வலியோடு இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை.
வேலை ஒன்றும் இல்லாத நாட்களிலும் வருகிறேன்.
கடைசி வீதம் அணைந்த பிறகு
ஹெல்மெற்றை எடுக்கிறேன்.