சம அளவு

தூமா வீதி உணவகத்தில்
கடைசி மேசையும் எழுந்துபோன பிறகு
தக்கை பொறுக்குவேன்.
"குப்பையிலயும் பங்கு கேக்கறியா" என்பான் அடைக்கலம்,
பாத்திரம் கழுவியபடி.
எட்டு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம்.
ஷாம்பெய்ன் தக்கை ஆகாது, உள்ளே வெறும் தூள்.
திருகாணி கோணலாய்க் கிழித்தவை,
முனை முறிந்தவை,
வெயிலில் போட்டும் புளிப்பு வாடை விடாதவை
எல்லாம் கழித்தால்
தேறியது நாலு.
மூன்று மூன்றாய் அறுக்கப் பன்னிரண்டு வில்லை,
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
என் கைக்குப் போதும்.

புழு இல்லை, ஈயக்குண்டு இல்லை.
சேவல் இறகில் கட்டிய பொய்ப்பூச்சி
காற்றில் இரண்டு முறை யோசித்துவிட்டுத்
தண்ணீரில் உட்கார வேண்டும்.
தேங்காய்த்திட்டில் வலை உதறிக்கொண்டிருந்த
பாவாடைசாமி
எட்டரை அடி கார்பன் குச்சியை ஆட்டிப் பார்த்தார்.
"மீனுக்கு இவ்ளோ மரியாதையா?
நரம்ப விரல்ல சுத்திக்கப்பா. அதான் பிடி."

குச்சி அடியில் தடிப்பு, போகப்போக மெலிவு.
அதனால் ஒரு வில்லையின் துளை
இன்னொன்றுக்குப் பொருந்தாது.
எலிவால் அரத்தால் ராவி ராவி
ஒவ்வொன்றிலும் பேனாவில் எண் போட்டேன்.
ஞாயிறு பிற்பகல். மின்விசிறியை நிறுத்தினேன், தூசிக்குப் பயந்து.
யாருடையதோ கல்யாணப் பத்திரிகையின் பின்புறம்
இரண்டு குழாய்ப் பசை.
இரண்டையும் சம அளவில் கலக்கவும்.
ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினேன்.
நாற்பது நிமிடம், அதற்குமேல் அது கல்.

ஏழாவது வில்லை இறங்கும்போது போன் அதிர்ந்தது.
பெர்னதெத்.
சார்செலில் இப்போது காலைப் பூசை முடிந்திருக்கும்.
குருசுக்குப்பம் வீடு, பத்திரம், என் கையெழுத்து.
எட்டு மாதமாக நான் எடுக்காத அழைப்பு.
ஒன்பதை எடுத்து எட்டின் இடத்தில் போட்டுவிட்டேன்.
விரற்கடை தூரத்தில் அது நின்றுவிட்டது,
கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.
மறுபடி போன்.
முழங்கையால் தள்ளப் பார்த்தேன்,
மூக்கு பட்டு எடுத்துக்கொண்டது.

"உயிரோடதான் இருக்கியா?"
"கையில் பசை."
"மூச்சு வாங்குது?"
"தக்கை மாட்டிக்கிச்சு."
நம் வீட்டில் எவன் மீன் பிடித்தான் என்று கேட்டாள்.
எவனும் இல்லை.
இழுத்தேன். ஒன்பது விண்டது, நகக்கீறல் அளவு.
எட்டைப் போட்டு, விண்ட ஒன்பதைப் போட்டு,
ராவிய தூளைப் பசையில் குழைத்து
அந்தக் கீறலில் அப்பினேன்.
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
சைக்கிள் டியூப்பை நாடாவாய் வெட்டி
மேலிருந்து கீழாக இறுக்கிச் சுற்றிவிட்டு
முடிச்சுப் போட மூன்றாம் கை இல்லாமல்
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.
வைக்கவும் முடியாது, அவளை நிறுத்தவும் முடியாது.

விற்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் பேச்சு என்றாள்.
தனக்குத் தெரியவில்லை என்றாள்.
மாடிக் குழாய் இப்போதும் சொட்டுகிறதா என்றாள்.
சொட்டுகிறது.
"கையெழுத்து எப்ப?"
"இப்போ கை இல்லையே."
சிரித்தாளா இருமினாளா, தெரியவில்லை.
"இங்க தக்கைய வீசறாங்கடா. எத்தனை வேணும்?"
நாற்பது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

மறுநாள் காலை டியூப்பை அறுத்து
எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றைம்பது, பிறகு நானூறு.
தரையெல்லாம் பழுப்பு மாவு,
சட்டையில் பழைய திராட்சை வாசனை.
மூன்றாவது வில்லையில் எந்த ஊர்ப் பெயரோ
பாதி தேய்ந்து ஒரே ஓர் எழுத்து.
ஒன்பதாவதில், அப்பிய இடத்தில்,
என் கட்டைவிரல் ரேகை அப்படியே உறைந்திருந்தது.
தாளை அதன் அருகே கொண்டுபோய்
நிறுத்தினேன்.

செவ்வாய் கடை விடுமுறை.
முகத்துவாரத்தில் ஏற்றம் தொடங்கியிருந்தது.
முதல் வீச்சு என் தோளில், இரண்டாவது புதரில்,
மூன்றாவது நீரில்.
கொடுவா எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.
பாவாடைசாமி கையை நீட்டினார்.
கொடுத்தேன்.
பிடியை மட்டும் பிடித்துப் பார்த்து
"இங்க என்ன, சொரசொரன்னு?" என்றார்.