குத்தகைக்கு வெளிச்சம்

ஒப்பந்தத்தில் நாற்பத்தைந்து நாள் என்றிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் நாள்
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
தெருவோரக் குழிவரை வந்துவிட்டது கேபிள்.
அங்கிருந்து எங்கள் கட்டடச் சுவர்வரை
முப்பத்தெட்டு மீட்டர்
கல்லாய் இறுகிய மண்.

"ஏப்ரல்வரை பொறுங்கள்" என்றது கம்பெனி.
நான் பொறுப்பேன். வெறும் மேனேஜர்,
இடுப்பில் பதினேழு சாவி.
மூன்றாம் மாடி பல்செட் லேப் ஒலெக்ஸா பொறுக்கமாட்டான்.
இறங்குவதெல்லாம் விறுவிறுவென இறங்கும்,
ஒரு தாடையின் படம் மேலேற
ஒன்றரை மணி நேரம்.
"வான்கூவரில் ஒருவர்
வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்" என்பான்
லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

முதலாளி குளிருக்கு அரிசோனா போயிருந்தார்.
கையெழுத்துக் கேட்டு ஐந்து கடிதம்.
ஆறாவதற்குப் பதில் வந்தது:
சரி.
முற்றுப்புள்ளிகூட இல்லை.

பிறகு ஒரு வண்டி வந்தது,
மண்ணைத் தோண்ட அல்ல, காய்ச்ச.
புல்தரை நெடுக ரப்பர் குழாய்களை வளைத்து
சூடான திரவத்தை ஓடவிட்டு
மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டு
லெவேய் சொன்னான்:
"ரெண்டு ராத்திரி. எழுப்பாதீங்க."

அன்றிரவு இரண்டு மணிக்கு
வீட்டிலிருந்து போனில் கேமராவைப் பார்த்தேன்.
தார்ப்பாய்மேல் ஏதோ வெள்ளை.
பனி என்று நினைத்தேன், காது அசைந்தது.
பழைய இணைப்பு, படம் விக்கி விக்கித்தான் வரும்:
முயல்.
சாம்பல் கட்டங்கள்.
முயல் இல்லை.
இரண்டு முயல்.
சுற்றுகிற வட்டம்.
நான்கு முயல், வயிற்றைத் தார்ப்பாயில் பரத்தி.

காலையில் லெவேயிடம் சொன்னேன்.
"எப்பவும் வரும்" என்றான்.
"பில்லில் சேர்க்கிறதில்லை."

மூன்றாம் நாள் பள்ளம் ஆவி விட்டது.
ஜனவரியில் மண் மணத்தது.
சால்வையை இறக்கி மூக்கை வெளியே எடுத்தோம்,
ஒரே ஒரு மூச்சுக்கு.

அடித்தள அறையில் மாரிசெல்
தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி நூல்களை
முனைக்கு முனை உருக்கி ஒட்டினாள்.
"ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் தொலையும்.
புள்ளி பூஜ்யம் இரண்டு. பரவாயில்லை."
வெளிச்சம் வந்துவிட்டதா என்று குனிந்தேன்.
தோளைப் பிடித்து இழுத்தாள்:
கண்ணுக்குத் தெரியாது, பார்க்கவும் கூடாது.
மீட்டரைக் காட்டினாள்: மைனஸ் பதினேழு.
அன்றைக்கு ஊரிலேயே
குளிர் குறைந்த இடம் அந்த நூல்தான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அது டெசிபல்.

மூன்று வருடக் குத்தகை.
நிலம் கிடையாது, விளைச்சல் கிடையாது,
நிற்காமல் ஓடுகிற ஒன்றுக்கு
மாதாமாதம் வாடகை.
போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றே என்று
எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.
இதுவரை யாரும் எனக்கு
அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

தாடை பதினோரு விநாடியில் போய்ச் சேர்ந்தது.
லிஃப்டில் ஒலெக்ஸாவுக்குப் பேச விஷயமில்லை.
மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே
ஏறினோம்.

இரவு இரண்டு மணிக்கு மறுபடி பார்த்தேன்.
மூடிய பள்ளத்தின் மேல் புதுப் பனி,
ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிகிறது.
விக்கல் இல்லை.
முயலும் இல்லை.
இன்னும் கொஞ்ச நேரம்
போனை அணைக்காமல் வைத்திருந்தேன்.