விற்கும் காரணம்

துர்க்கு நகரில் ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது.
மூன்றாம் மாடிக் கதவில் ‘துய்யா ரந்தலா.’
பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு
உள்ளே போனேன், மின்கிட்டார் வாங்க.

கடல்பச்சை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு
வண்ணம் போயிருந்தது,
பெல்ட் கொக்கி பதினோரு வருடம் உரசிய இடம்.
ஸ்டாக்ஹோம் போய்த் திரும்பும் கப்பலில்
இரவுதோறும் நடனக்குழுவுக்கு வாசித்தவள்.
யார் அழப்போகிறார்கள்,
யார் வாந்தியெடுக்கப் போகிறார்கள் என்பது
மேடையிலிருந்தே தெரிந்துவிடுமாம்.

ஏன் விற்கிறீர்கள் என்றேன்.
விலையைக் குறைக்கத்தான் கேட்கிறேன் என்று
நினைத்துக்கொண்டாள்.

முதலில் இடுப்பைச் சொன்னாள்.
இருபத்தாறு கிலோ ஆம்ப்ளிஃபயர், கப்பலின் இரும்பு ஏணி.
பிறகு கீழ்வீட்டு லெஹ்தோனென்.
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்,
அதையும் தாளம் தப்பி இடிப்பார்.
பிறகு மின்கட்டணம்.
இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காபி ஊற்றினாள்.
சுவரோரம் இன்னொன்று சாய்ந்திருந்தது,
பூச்சில்லாத மரம், நடுவே வட்டமாய் ஓர் இருட்டு.
இருட்டுக்குள் ஈரப்பஞ்சு தொங்கியது.
ஹீட்டர் சூட்டில் பலகை வெடித்துவிடும் என்றாள்.
‘ஜூலையில் உப்பும். ஜனவரியில் ஒடுங்கும்.
நேற்றுச் சரியாய் இருந்தது இன்றைக்கு முரண்டு பிடிக்கும்.
அந்தப் பச்சைக்காரிக்கு எல்லா மாதமும் ஒன்று.’

மடியில் எடுத்தாள். ஒரே ஒரு தந்தியைத் தட்டினாள்.
என் கோப்பைக்குள் காபி சுளித்ததாகத் தோன்றியது.
மேலே நகர்ந்த விரல் கீச்சென்றது,
ஒரு சுரம் பாதியில் செத்தது.
அவள் மன்னிப்பும் கேட்கவில்லை,
திரும்ப வாசிக்கவும் இல்லை.

‘கப்பலில் நான் இங்கே தட்டுவேன்,
சத்தம் ஆறடி தள்ளி ஒரு பெட்டியில் பிறக்கும்.
நல்ல சத்தம். பொய் சொல்லமாட்டேன்.
என்னைவிட நன்றாக வாசிக்கிற யாரோ ஒருத்திக்குப் பக்கத்தில்
பதினோரு வருடம் நின்றேன்.
இதில் விலா எலும்பு தெரிகிறது.
என்னுடையதா, இதனுடையதா என்றுதான்
சில நேரம் குழப்பம்.’

எனக்கு ஒப்புதல் இல்லை.
நான் பஸ் ஓட்டுகிறவன்.
பதினெட்டு மீட்டர் வண்டியின் கதவுகளை
ஒரு விரலால் திறந்து மூடுகிறேன்.
சின்ன அசைவு பெரிதாவது எனக்குப் பிடிக்கும்.
ஒரு சுரத்தை ஒரு நிறுத்தத்திலிருந்து
அடுத்த நிறுத்தம்வரை இழுத்துக்கொண்டு போகவேண்டும் எனக்கு.
‘மரத்தில் அடித்தால்
பிறந்ததுமே சாக ஆரம்பிக்கிறதே’ என்றேன்.

‘ஆமாம்’ என்றாள்,
நான் அவள் பக்கம் பேசியதுபோல.

நானூற்று முப்பது யூரோ எண்ணிக் கொடுத்தேன்.
ஒயரையும் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.
பச்சையை ஒரு முறை
தோளில் தட்டினாள், குதிரையைத் தட்டுவதுபோல.
வாசலில் என் கையுறையைத் தேடிக் கொடுத்தாள்.

வீட்டில் ஸாது தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஆஸ்பத்திரியில் நான்கு நாளாய் இரவுப்பணி.
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு,
ஒயர் செருகாமல், சும்மா தட்டிப் பார்த்தேன்.
கொசு கொலுசு கட்டியதுபோல ஒரு சத்தம்.
குளிர்பெட்டியின் உறுமலில் அதுவும் மூழ்கியது.

குனிந்து அதன் கொம்பில் தாடையை வைத்தேன்.
இன்னொரு முறை.
பல்லுக்குள் ஏறியது.
பின்னந்தலைவரைக்கும் போயிற்று.
பலகைக்கும் எனக்கும் நடுவே
இடமே இல்லை.

ஆம்ப்ளிஃபயரை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்
என்று படுத்தேன்.
மூன்று வாரம் ஆகிறது.
ஒயர் பெட்டிக்குள் சுருண்டபடியே கிடக்கிறது,
என் தாடையில் ஒரு சிவந்த தழும்பு.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள்,
சவரக் காயம் என்கிறேன்.
துய்யாவிடம் மட்டும்
யாரும் சொல்லிவிடக் கூடாது.