ரிப்பன்

பைரிக்கி. திங்கட்கிழமை. மின்சாரம் இல்லை.
கிரிபாட்டி அரசின் பன்னாட்டுச் சட்டப் பிரிவு என்பது
நானும் ஓர் இரும்பு அலமாரியும்.

ஹேக் நகரத்திலிருந்து பணிவான மடல்:
எண்பத்தொன்று மார்ச்சில் அந்தப் பெரிய நாடு
கடலைப் பற்றிய தன் அறிவிப்பை
எல்லோருக்கும் அனுப்பியது.
நீங்கள் மறுத்ததாகப் பதிவு இல்லை.
மௌனம் சம்மதம் என்று
கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

அலமாரியைத் திறந்தேன்.
உப்பேறிய கோப்புகள், கரப்பான் முட்டைகள்.
அந்த மார்ச்சின் உறைக்குள்
பதிலின் நகல் இல்லை. பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டு:
"தட்டச்சு ரிப்பன் தீர்ந்துவிட்டது.
அடுத்த கப்பலில் வருமா? – கவோதின்."

கப்பல் ஜூனில் வந்தது.
அரிசி கொண்டுவந்தது.

வழங்கி வழங்கி வழக்கு,
வழக்கே முற்றிச் சட்டம் என்றுதான் படித்தேன்.
கை செய்ய வேண்டும்,
கடமையென்று நெஞ்சும் நம்பியிருக்க வேண்டும்.
கையை எண்ணிவிடலாம்.
ஒரு நாட்டுக்கு நெஞ்சு
எந்தப் பக்கம் துடிக்கிறது?

போன மாதம் என் மைத்துனன் தெபாவ்
சூரைக்குத் தூண்டில் விட்டிருந்தபோது
சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று
அவன் ஓடத்துக்காக வளைந்து போனது.
சட்டத்துக்காகவா, இரக்கத்துக்காகவா,
பவளத்திட்டில் அடி தட்டும் என்ற பயத்துக்காகவா?
தெபாவ் கையசைத்தான்.
மேல்தளத்தில் ஒருவன் திருப்பி அசைத்தானாம்.
இதை எந்தப் பத்தியில் எழுத?

பதிலைக் கோபமாகவே தொடங்கினேன்:
வாயில்லாதவன் பேசாததும்
வாயிருப்பவன் பேசாததும் ஒன்றல்ல, ஐயா.
அந்த வரியிலேயே பேனா நின்றது.

ஏனென்றால் இரண்டு வருடம் முன்பு
நாங்களும் ஓர் அறிவிப்பு அனுப்பினோம்:
கடல் ஏறி மணல் மறைந்தாலும்
எங்கள் எல்லைக்கோடுகள் நகரா.
எந்த நாடும் மறுக்கவில்லை.
ஒவ்வொரு மறுக்காமையையும்
பச்சை மையில் குறித்துவைத்தேன்,
பிள்ளை பல் முளைப்பதைக் குறிப்பதுபோல.
யாருக்கு ரிப்பன் இருந்தது,
யார் அலமாரியில் யார் இருந்தார்கள்
என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது.
சீட்டை நகலெடுத்தேன்.
பென்சில் எழுத்து பாதிதான் விழுந்தது.
இணைப்பு ஒன்று என்று முத்திரையிட்டு அனுப்பினேன்.

பச்சைப் பட்டியலை
அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன்.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.