மெல்ல என்றால்

நோட்டில் பென்சிலால் வட்டமிட்டேன்:
இங்கே மெல்ல.
அடுத்த வாரமும் அதே இடத்தில் வட்டம்.
மூன்றாம் வாரம் தாள் கிழிந்துவிட்டது.

முபீனா எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வாசிக்கிறாள்,
தாலாட்டையும் அணிவகுப்பையும்,
ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி.
விரல் சுத்தம். தாளம் சுத்தம்.
அரைமணி முடிவதற்குள்
எனக்குத்தான் தலைவலி.

"உனக்குக் காது கேட்கிறதா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் நின்றது.
எப்போதும் தப்பான நேரத்தில்தான் நிற்கும்.
அந்த அமைதியில் சொன்னாள்:
"எங்க வீட்டு கீபோர்டுல
எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம்தான் மிஸ்."

சென்னை பர்மா பஜாரில் அண்ணன் வாங்கி வந்தது.
நூறு வகைக் குரல், நாய்கூடக் குரைக்கும்.
தடவினாலும் குத்தினாலும் அதற்கு ஒன்றுதான்.
வாரத்தில் ஆறு நாள் அதோடு.
என்னோடு அரைமணி.
அவள் வீட்டில் இல்லவே இல்லாத ஒன்றுக்கு
வட்டம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேல்பலகையைக் கழற்றிச் சுத்தியல்களைக் காட்டினேன்.
முதுநகர் உப்புக்காற்றில்
இரண்டு சுத்தியல் சோம்பேறி ஆகிவிட்டன,
ஒன்று திரும்பி வரவே யோசிக்கும்.
"மெல்ல என்றால் பயந்து தொடுறது இல்ல.
கட்டை அடிவரை போகணும்.
போகிற வேகம்தான் வேற."

அமுக்கினாள். சத்தமே இல்லை.
மறுபடி. இல்லை.
சுத்தியல் கம்பி வரை போய்த்
தொடாமல் திரும்பிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்துச் சிரித்தாள்.
இருபது தடவை தொடாமல் திருப்பினாள்.
பாடத்தை அன்றைக்கு விட்டுவிட்டோம்.

அவள் அத்தா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்.
ஞாயிறு காலை வஞ்சிரம் வாங்கப் போனபோது
ஆளுக்கு முன்னால் குரல்தான் கிடைத்தது,
விசைப்படகு எஞ்சின்களுக்கும் மேலே:
ஏழாயிரம், ஏழாயிரத்து இருநூறு, நானூறு.
எட்டாயிரத்தில் குரலை இறக்கினார்.
சுற்றி நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.
இன்னும் இறக்கினார்.
கூடைக்காரம்மா ஒருத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
ரெண்டு தரம் என்பது வெறும் உதடசைவு.
நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.
விலையும் என் கைக்கு அடங்குவதில்லை, அது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை முபீனாவிடம் சொன்னேன்.
நம்பவில்லை.
அவளை அங்கே கூட்டிப் போனதே இல்லையாம்.
"வீட்டுல அத்தா பேசவே மாட்டாரு மிஸ்.
தொண்டைக்கு லீவும்பாரு."
சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம்
பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசித்தாள்.
நான் வட்டமிட்ட இடத்தைச்
சத்தமாகவே தாண்டிப் போனாள்.
இரண்டு வரி கழித்து,
கேட்காமல், யாரும் சொல்லாமல், இறங்கினாள்.
அங்கே அச்சில் இருப்பது பலமாக என்று.
டிசம்பரில் தேர்வு.
நிறுத்தித் திருத்தியிருக்க வேண்டும்.

நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டேன்.
அந்தச் சோம்பேறிச் சுத்தியலும் வந்து தொட்டது,
சற்றுத் தாமதமாக.