இப்போதைக்கு

மனுவில் ஒரே வாக்கியம்.
'கேட்டால் இல்லை என்று வரும் வானொலி அழைப்புக்குறிகள்
அத்தனையின் பட்டியலும் வேண்டும்,
ஒவ்வொன்றும் ஏன் இல்லை என்பதும்.'
கீழே, டெரன்ஸ் ஓல்ட்ராய்ட், பேருந்துப் பணிமனை, கிரிம்ஸ்பி.
தாளின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல்.

இருபது வேலைநாள் அவகாசம்.
கார்டிஃபில் மூன்றாம் மாடி, என் மேசை,
ஜன்னலுக்குக் கீழே சேற்று நிறத்தில் டாஃப் நதி.
சட்டம் கேட்பவர் பக்கம்.
மறுப்பதென்றால் பிரிவு எண் சொல்லி மறுக்க வேண்டும்.

எண்ணூற்றுச் சொச்சம் வரிசை.
ஆபத்தில் கூவும் மூன்றெழுத்தை
யாருக்கும் தருவதில்லை. சரி.
வாய்விட்டுப் படித்தால் கெட்ட வார்த்தையாகிவிடுபவை பதினேழு.
ஹெலெட் எட்டிப் பார்த்து
'வெல்ஷில் இன்னும் இரண்டு, விட்டுவிட்டீர்கள்' என்றாள்.
உரியவர் இறந்து இரண்டாண்டு ஆகாதவை.
ராணுவத்துக்கென்று ஒதுக்கி ராணுவமே மறந்தவை.
பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்த யாரோ ஒருவரின்
வெள்ளிக்கிழமை மாலை.
காரணம் என்ற கட்டத்தில் வெறுமனே 'ஆம்' என்று ஒன்று.

இருநூற்றுப் பன்னிரண்டில்: 'கோப்பைப் பார்க்க.'
கோப்பு கிடங்கிலிருந்து வர ஆறு நாள்.
உள்ளே ஒரு கடிதம். விக், கெய்த்னெஸ், நவம்பர் 1986.
எஃபி ஸ்வான்சன் எழுதுகிறார்:

'என் கணவரின் குறியை ரத்து செய்ததாகத் தகவல் வந்தது. நன்றி.
பக்கத்து வீட்டு மன்றோவிடம் ஒரு செட் இருக்கிறது.
சுவர் மெல்லியது.
இரவில் அவர் யார் யாரையோ கூப்பிடுவது
நான் பாத்திரம் துலக்கும் இடம்வரை கேட்கும்.
அந்தக் குறிக்கு இன்னொரு குரல் பதில் சொன்னால்
கையிலிருக்கும் தட்டைப் போட்டுவிடுவேன்.
என்னிடம் நல்ல தட்டுகள் நான்குதான்.'

ஓரத்தில் பென்சிலில், சாய்ந்த எழுத்தில்,
பெயர் போடாத ஒரு குமாஸ்தா:
யாருக்கும் தர வேண்டாம், இப்போதைக்கு.

எந்த விதியும் அவருக்கு அந்த அதிகாரம் தரவில்லை.
காகிதத்திலிருந்து கணினிக்கு,
அந்தக் கணினியிலிருந்து அடுத்ததற்கு
மூன்று முறை குடிபெயர்ந்திருக்கிறது இந்த இலாகா.
ஒவ்வொரு முறையும் யாரோ, என்னவென்று தெரியாமலே,
அந்த 'இப்போதைக்கு'வை உடையாமல் தூக்கி வந்திருக்கிறார்கள்.

எஃபிக்கு நூற்றுப் பதினொரு வயது ஆகியிருக்க வேண்டும்.
ஆகவில்லை. தேடிப் பார்த்தேன். 1999.
தட்டுகள் என்ன ஆயினவோ.

தனிப்பட்ட தகவல் என்று மறைக்கலாமா?
ஹெலெட் வரியின் மேல் விரலை வைத்தாள்.
அந்தப் பிரிவு உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும்.

பத்தொன்பதாம் நாள் மதியம்வரை மேசையிலேயே கிடந்தது.
பிறகு அனுப்பினேன், ஒரு எழுத்தும் மறைக்காமல்.
செல்லாத காரணம் பட்டியலில் நிற்க முடியாதாம்,
அன்று மாலையே குறியை விடுவித்தார்கள்.
நாலு நிமிடம் பொறுத்தது அது.
பிறகு யாரோ எடுத்துக்கொண்டார்.

ஓல்ட்ராய்ட் இல்லை. அவர் எழுதியிருந்தார்:
'நான் கேட்டது பதினேழில் ஒன்றாம். இப்போதுதான் புரிகிறது,
மனைவி ஏன் சிரித்தாள் என்று.
இருநூற்றுப் பன்னிரண்டை இரண்டு முறை படித்தேன்.'
அவ்வளவுதான், கையெழுத்து, கிரீஸ்.

நேற்று விக்கிலிருந்து ஒரு மனு.
மன்றோ, வயது எண்பத்தேழு, அதே தெரு.
'முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தக் குறி காற்றில் வந்தது.
மூன்று தடவை கூப்பிட்டது.
நான் பதில் தரவில்லை, செட்டையும் அணைக்கவில்லை.
யார் அது?'

யாரென்று எனக்குத் தெரியும்.
திரையில் கறுப்புப் பட்டையை எடுத்து
அந்தப் பெயரின் மேல் இழுத்தேன், முதலெழுத்திலிருந்து கடைசிவரை.
இவர் உயிரோடிருக்கிறார்.
இவருக்குப் பிரிவு எண் உண்டு.